சின்ன வீட்டு பிரேக்

வாகன ஒப்பீட்டு மன்றத்துக்குள் எதையும் ஒப்பிடாமல் நுழைய முடியாது. வாசலில் இரண்டு கதவுகள். ஒன்று கண்ணாடி, ஒன்று மரம். இரண்டும் ஒரே கூடத்துக்குத்தான் திறந்தன. காவலாளி இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கதவு சார் நல்லாருக்கு?"

"எதுல போகணும்?"

"எதுல வேணா போங்க. எது நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

"மரம்."

"பத்துக்கு எவ்வளவு?"

"ஏழு."

"ஏழரைன்னு வெச்சுக்கறேன். முழுசா ஏழுன்னா சரியாப் பாக்கலன்னு உள்ள கோவிச்சுக்குவாங்க."

"ஏழரையே இருக்கட்டும். எனக்கு ஏற்கெனவே அதுதான் நடந்துக்கிட்டிருக்கு."

காவலாளி சிரிக்கவில்லை. நகைச்சுவைக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை போலும்.

மரக் கதவு வழியாகப் போனவனுக்குத் தொழில் கண் பரிசோதனை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஆட்களை உட்காரவைத்து, கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பான். முதலில் இது என்பார்கள். பிறகு அது என்பார்கள். கடைசியில் "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்பார்கள். அந்தப் பதில் வந்துவிட்டால் அவன் வேலை முடிந்தது. ஒப்பிடுவதே அந்த இடத்துக்கு வந்து சேரத்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கல்லூரி வரை படித்தவன்தான். ஆனாலும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தான்.

மனைவி போய் ஓர் ஆண்டு ஆகப்போகிறது. எப்படி என்று யாராவது கேட்டால் "கார்ல" என்பான். மேலும் கேட்டால் "பிரேக்" என்பான். அதற்கும் மேலே கேட்பவர்களுக்கு விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வான்.

கார் விவகாரம் இதுதான். ஒரே நிறுவனம் இரண்டு பெயர்களில் கார் விற்கிறது. ஒரு பெயர் விலை கூடியது, மற்றது குறைந்தது. இரண்டு பெயரிலும் ஒரு குட்டிக் கார் உண்டு. உருவம் சிறிது, எஞ்சின் பெரிது. மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஒன்று, கியர் ஒன்று, அடிச்சட்டம் ஒன்று, பிரேக் ஒன்று. விலை கூடியதில் தோல் இருக்கை, வெள்ளி முத்திரை. குறைந்ததில் துணி இருக்கை, பிளாஸ்டிக் முத்திரை. ஓட்டுபவர்கள் முதலாவதைப் பெரிய வீடு என்றும் இரண்டாவதைச் சின்ன வீடு என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் அப்பா ஒருவர்தான். ஆனால் சபையில் அவர் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை பெரிய வீட்டுப் பிள்ளைக்குத்தான்.

மனைவி வைத்திருந்தது சின்ன வீடு. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். அவனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். கிளட்சை விடத் தெரியாதவனுக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று சொல்லி, அவன் தேறிய பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அவளைப் பார்த்து அவள் தங்கையும் அதே காரை அதே நிறத்தில் வாங்கினாள்.

பிரேக் சிலிண்டருக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி இளகும். இளகினால் பெடல் தரைவரை போகும். கார் நிற்காது. சில கார்கள் அப்படி நிற்காமல் போன பிறகு நிறுவனம் பெரிய வீட்டுக்காரர்கள் எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, வளையத்தை மாற்றிக் கொடுத்தது. சின்ன வீட்டுக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை.

மச்சினி பணிமனைக்குப் போய் நின்றாள்.

"இது அந்தக் காருக்கு மட்டும்தாம்மா" என்றார் மேலாளர்.

"ரெண்டும் ஒரே பிரேக்தானே சார்?"

"அதை நாம சொல்லக் கூடாது. மன்றம் சொல்லணும். மன்றம் என்ன சொல்லிருக்கு? 'இவ்விரு கார்களும் ஒப்பிடத் தகாதவை.' ஒப்பிடவே தகாததை ஒண்ணுன்னு எப்படிம்மா சொல்றது?"

பெரிய வீட்டுக் காரைப் புகழ்ந்து மன்றம் எப்போதோ எழுதிய ஒரு கட்டுரையின் கடைசி வரி அது. எழுதியவர் ஒரு அழகுக்காகச் சேர்த்திருப்பார். அந்த அழகு இப்போது சட்டமாகிவிட்டது. வளையத்தை வெளியே விற்பதில்லை. மன்றம் அந்த வரியைத் திரும்பப் பெற்றால்தான் மச்சினிக்கு வளையம்.

மச்சினிக்கு வேலை ரத்த மாதிரி எடுப்பது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடு தேடிப் போய் எடுத்துவந்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வீடுகளில் பாதி மலைச்சரிவில் இருந்தன.

"கொஞ்ச நாள் ஓட்டாம இரு" என்று சொல்லிப் பார்த்தான்.

"ஓட்டாம? அத்தனை பேரோட ரத்தத்தையும் தோள்ல போட்டுக்கிட்டு நடந்து இறங்கவா மாமா? அதுக்குள்ள அது உறைஞ்சே போயிடும். நானும்தான்."

வேறு கார் வாங்கு என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது, வழி இல்லை. அதனால் மன்றத்துக்கு வந்திருந்தான்.

வரவேற்பில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "எதை எதோட ஒப்பிடணும் சார்?"

"ஒப்பிட வரல. பெரிய வீட்டுப் பிரேக்கும் சின்ன வீட்டுப் பிரேக்கும் ஒண்ணுன்னு சொல்லணும்."

அவள் நிமிர்ந்தாள். தகாத வார்த்தையைக் கேட்டவள் போல அக்கம்பக்கம் பார்த்தாள்.

"அப்படி ஒண்ணு இங்க கிடையாது சார். மேல், கீழ், கொஞ்சம் மேல், கொஞ்சம் கீழ், மயிரிழையில மேல். இதுல எது வேணும்?"

"ரெண்டும் ஒண்ணா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"இதுவரைக்கும் இருந்ததில்ல சார்" என்றாள் பெருமையாக. "உங்களுது பிரேக்தானே? முதல்ல கதவுக்குப் போங்க."

கதவு ஆய்வாளர் காதுகளில் பஞ்சு வைத்திருந்தார். வேலை நேரத்தில் மட்டும் எடுப்பாராம். கண்ட சத்தத்தையும் கேட்டால் காது கெட்டுவிடும் என்றார். அவர் அறையில் காரே இல்லை. சுவரில் இரண்டு கார் கதவுகள் மட்டும் பொருத்தப்பட்டிருந்தன. பஞ்சை எடுத்துவிட்டு முதல் கதவைச் சாத்தினார்.

"தொப். கேட்டீங்களா? ஒரு நம்பிக்கை தெரியுதுல்ல?"

இரண்டாவதைச் சாத்தினார்.

"டப். அவசரம். எங்கயோ போய்ச் சேரணும்கற பதற்றம். இதுதான் சின்ன வீடு."

"சார், நான் பிரேக்குக்கு வந்தேன்."

"கதவைத் திறந்து ஏறாம எப்படிப் பிரேக் போடுவீங்க? எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. உங்க வீட்டுக் கார்க் கதவு எப்படிச் சாத்தும்? டப்புதானே?"

"இப்ப சாத்தாது சார். அதை வெட்டித்தான் அவளை எடுத்தாங்க."

ஆய்வாளரின் முகம் மாறியது. நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"வெட்டறப்போ என்ன சத்தம் வந்துச்சு?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். மன்றத்தில் யாரும் கேலி செய்வதில்லை. அதுதான் அங்கே பயப்பட வேண்டிய விஷயம்.

"நான் அங்க இல்ல சார்."

"அடடா. நல்ல ஒரு வாய்ப்பு" என்று சொல்லிப் பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

அடுத்தது உணர்வுத் துறை. தலைவி கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று மனைவியின் காரில் இருந்தது. இன்னொன்று யாரோ ஒரு பெரிய வீட்டுக் காரிலிருந்து கழற்றிக் குப்பையில் போட்டது. பணிமனையில் கெஞ்சி வாங்கி வந்திருந்தான்.

"ரெண்டுலயும் ஒரே எண் அச்சாயிருக்கு மேடம். கண்ணைத் திறந்து பாருங்க."

"எண்ணைப் பாக்கக் கூடாது. பாத்தா ஒரு முன்முடிவு வந்துடும்." கையை நீட்டினார். "பெரிய வீட்டோடதை முதல்ல கொடுங்க."

அவன் வளையங்களைப் பார்த்தான். இரண்டும் கறுப்பு. இரண்டும் இளகி ஒரு பக்கம் கோணியிருந்தன. ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்தது தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

"எது எதுன்னு எனக்கே தெரியல மேடம்."

தலைவி கண்ணைத் திறந்துவிட்டார். பணிக்காலத்தில் அவர் அப்படித் திறந்தது அதுவே முதல் முறை என்று பக்கத்தில் இருந்த உதவியாளர் பிறகு சொன்னார்.

"எது எதுன்னு தெரியாம வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"என்ன சொல்றீங்க?"

"வித்தியாசம் இல்லன்னு."

"வித்தியாசம் இல்லன்னு சொல்லாதீங்க. நீங்க கவனமா கொண்டு வரலன்னு சொல்லுங்க. எவ்வளவு பெரிய அலட்சியம்! பெரிய வீட்டு வளையத்தை இப்படியா சட்டைப் பையில போட்டுக் கொண்டுவர்றது, சில்லறை மாதிரி?"

உதவியாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு வளையத்தை வெல்வெட் துணியில் வைத்தார். இன்னொன்றைப் பழைய செய்தித்தாளில் வைத்தார். தலைவி கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, இரண்டையும் தொட்டுப் பார்த்தார். முகத்தில் நிம்மதி பரவியது.

"இப்ப தெரியுது. இது பெரிய வீடு. இதுல ஒரு அடக்கம் இருக்கு. அதுல இல்ல."

"மேடம், நீங்க தொட்டது துணியை."

"துணியும் சேர்ந்ததுதான் தம்பி அனுபவம்."

சில வாரங்கள் அலைந்தான். வாரத்துக்கு ஒரு நாள் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். ஒவ்வொரு முறையும் கதவுக்கு மதிப்பெண் போட்டான். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு நாள் வீட்டில் தட்டில் இருந்த தோசைகளைப் பார்த்து முதலாவது மேல் என்று நினைத்தான். நினைத்ததைக் கவனித்ததும் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

கடைசியில் மன்றம் அவனுக்கு இரங்கி, சோதனைத் தடத்தில் நேரடிப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டது. பழைய வளையம் போட்ட ஒரு பெரிய வீடு, பழைய வளையம் போட்ட ஒரு சின்ன வீடு. இரண்டையும் சரிவில் இறக்கி இறக்கி பிரேக் சூடாகும்வரை ஓட்டுவது. பிறகு கோட்டில் நிறுத்திப் பார்ப்பது. கோட்டுக்கு அப்பால் பழைய டயர்களைச் சுவராக அடுக்கியிருந்தார்கள். அதிகாரிகள் குடைக்குக் கீழே உட்கார்ந்தார்கள். தலைவரும் செயலாளரும் முதல் வரிசையில் இருந்தார்கள். அவனுக்குப் பின்வரிசையில் இடம்.

பெரிய வீடு வந்தது. கோட்டைத் தாண்டியது. டயர்ச் சுவரில் போய் மோதி நின்றது.

சின்ன வீடு வந்தது. கோட்டைத் தாண்டியது. அதே டயர்ச் சுவரில் அதே இடத்தில் மோதி நின்றது.

அவன் எழுந்து நின்றுவிட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு காரியம் முடிந்துவிட்டது என்கிற உணர்ச்சி. பின்னறையில் யாரோ "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று சொன்னது போல இருந்தது.

சோதனை ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். செயலாளர் கேட்டார்: "முதல் கார் எப்படி?"

"பெடல் கீழ போச்சுன்னு சொல்ல மாட்டேன் சார். தாழ்ந்துச்சு. பெரியவங்க முன்னாடி ஒருத்தர் பணிவா குனியற மாதிரி."

"இரண்டாவது?"

"விழுந்துச்சு சார்."

கீழ்க்குரலில் ஆலோசனை நடந்தது. பிறகு செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பிரேக் பிடிக்காமல் போவதில் பெரிய வீட்டுக்கு எட்டரை, சின்ன வீட்டுக்கு ஆறேகால். குடைகளின் கீழிருந்து கைதட்டல் எழுந்தது.

"ரெண்டும் நிக்கல சார்!" என்று அவன் பின்வரிசையிலிருந்து கத்தினான்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நிக்காததுலயும் ஒரு தரம் இருக்குல்ல தம்பி?"

மறுவாரம் அவனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய அறை. நீண்ட மேசையின் ஒரு பக்கம் தலைவர், செயலாளர், உணர்வுத் துறைத் தலைவி. மறுபக்கம் அவனும் ஒரு ஒலிவாங்கியும். சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் உயர வரிசையில் மாட்டியிருந்தன. ஆளின் உயரமா, பதவியின் உயரமா என்று தெரியவில்லை.

தலைவர் கனிவாக ஆரம்பித்தார்.

"தம்பி, உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்ல. நீங்க சோகத்துல இருக்கீங்க. ஆனா நீங்க கேக்கறது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. நாளைக்கே நான் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன்னு வைங்க. பெரிய வீடு வாங்கினவர் என்ன நினைப்பார்? ஏமாந்துட்டோம்னு நினைப்பார். சின்ன வீடு வாங்கினவர் என்ன நினைப்பார்? நமக்கும் அதே கிடைச்சுதேன்னு சந்தோஷப்படுவார். மேல இருக்கறவன் வருத்தப்பட்டு, கீழ இருக்கறவன் சந்தோஷப்பட்டா உலகம் ஓடுமா? ஓடாது. அவனவன் அவனவன் இடத்துல திருப்தியா இருக்கணும்னா நடுவுல ஒரு இடைவெளி வேணும். அந்த இடைவெளி தானா இருக்கற இடத்துல எங்களுக்கு வேலை இல்ல. தானா இல்லாத இடத்துலதான் எங்க சேவை தேவைப்படுது."

செயலாளர் தலையசைத்தார். நல்ல வாக்கியம் என்று குறித்துக்கொண்டார்.

"வளையம் ஒண்ணுதானே சார்?" என்றான் அவன்.

"வளையம் ஒண்ணுதான். யார் இல்லன்னா?" என்றார் தலைவர். "நாங்க வளையத்தை ஒப்பிடல. மனுஷங்களை ஒப்பிடறோம்."

செயலாளர் விளக்கினார். பெரிய வீட்டில் பெடல் கீழே போனால் அதற்கு 'பிரேக் தளர்வு' என்று பெயர். சின்ன வீட்டில் அதே நடந்தால் அதற்கு 'ஓட்டுநர் பிழை' என்று பெயர்.

"ஏன் சார்?"

"பெரிய வீடு வாங்கறவர் ஏற்கெனவே நாலு கார் ஓட்டினவர். தப்பா மிதிக்க மாட்டார். சின்ன வீடு வாங்கறவங்க பெரும்பாலும் புதுசு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டு பிரேக் பிடிக்கலம்பாங்க."

"என் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்தினவ."

செயலாளரின் பேனா நின்றது. அவன் ஜெயித்துவிட்டதாக நினைத்தான். செயலாளர்தான் முதலில் மலர்ந்தார்.

"அப்ப சரியாப் போச்சே சார்! டிரைவிங் ஸ்கூல் கார்ல சொல்லிக்கொடுக்கறவங்க எங்க உக்காருவாங்க?"

"பக்கத்து சீட்ல."

"அங்கயும் ஒரு பிரேக் இருக்குமில்ல?"

"இருக்கும்."

"அவ்வளவுதான். நாள் பூரா பக்கத்து சீட்ல உக்காந்து மிதிச்ச பழக்கம். சொந்தக் கார்ல உக்காந்ததும் தான் எந்த சீட்ல இருக்கோம்கறது ஒரு நொடி மறந்துபோச்சு. இடம் மாறி மிதிச்சுட்டாங்க. பாவம்."

தலைவி கண்ணை மூடியபடியே "பாவம்" என்றார்.

அவன் கையை ஒலிவாங்கிப் பக்கம் கொண்டுபோனான். எதற்கு என்று தெரியாமல் திரும்ப மடியில் வைத்துக்கொண்டான். மச்சினி அன்று காலையும் மலைக்குப் போயிருந்தாள். போகும்போது அனுப்பியிருந்தாள்: 'கியரைக் குறைச்சு மெதுவாத்தான் இறங்கறேன், பயப்படாதீங்க மாமா.'

தலைவர் அவன் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கலாம்.

"தம்பி, உங்களுக்கு என்ன வேணும்? அந்தப் பொண்ணு காருக்கு வளையம். அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"அதுக்கு ஒரு வழி இருக்கு." செயலாளரிடம் கண்காட்டினார்.

வழி இதுதான். இறந்தவரின் தரப்பே ஓட்டுநர் பிழை என்று ஒப்புக்கொண்டால், காரில் குறை இல்லை என்று ஆகும். குறை இல்லாத காருக்கு வளையம் மாற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது, பரிசு ஆகும். பரிசு கொடுக்க எதையும் எதோடும் ஒப்பிட வேண்டியதில்லை. நிறுவனம் துக்க வீட்டுக்கு ஒரு வளையம் பரிசளித்ததாக இருந்துவிட்டுப் போகட்டும்.

"நான் என்ன சொல்லணும்?"

"'என் மனைவி தவறான இடத்தில் மிதித்துவிட்டார்.' ஒலிவாங்கியில சொன்னாப் போதும். எழுத்து, கையெழுத்து எதுவும் வேண்டாம். நாங்க மனுஷங்களை நம்பறவங்க."

"அப்ப அவ கார் மிதிச்சா நிக்குமா?"

"நாளைக்கே."

அவன் ஒலிவாங்கியை அருகில் இழுத்தான்.

"என் மனைவி..." என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "என் மனைவி தவறான இடத்தில் மிதித்துவிட்டார்."

தலைவி கண்ணைத் திறக்காமல் கையை உயர்த்தினார். "இன்னொரு தடவை தம்பி. நடுவுல ஒரு தயக்கம் இருந்துச்சு."

"என் மனைவி தவறான இடத்தில் மிதித்துவிட்டார்."

தலைவி சற்று யோசித்தார்.

"ரெண்டாவதுதான் மேல்" என்றார். "மயிரிழையில."

மறுநாள் மச்சினியின் காருக்கு வளையம் மாற்றினார்கள். மேலாளரே வெளியே வந்து கைகூப்பி, துக்கத்துக்குப் பரிசு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். பேசிப் பார்த்தேன், கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அவன் அவளிடம் சொல்லியிருந்தான். அவள் ஃபோனில் சிரித்தாள். "உங்களை ஒண்ணுக்கும் ஆகாத ஆளுன்னு அக்கா சொல்லுவா மாமா. இன்னிக்கு இருந்திருந்தா வாயை மூடியிருப்பா" என்றாள்.

அதற்கடுத்த வாரம் மதியம் கடை வாசலில் கார் வந்து நின்றது. மச்சினி இறங்கி உள்ளே வரவில்லை. அவன் வெளியே போனான். அவள் கார் மேல் சாய்ந்து, கையில் ஃபோனை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வேலை உடையில் இருந்தாள். அழுதுகொண்டிருக்கவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"மன்றம் வெளியிட்டிருக்காங்க. கேட்டீங்களா?"

"இல்ல."

அவள் ஒலியைக் கூட்டினாள். முதலில் செயலாளரின் குரல். சின்ன வீட்டுக் காரில் எந்தக் குறையும் இல்லை என்றும், இனி அந்தக் கார் தொடர்பான புகார்கள் ஏற்கப்பட மாட்டா என்றும், பாதிக்கப்பட்ட குடும்பமே உண்மையைத் தைரியமாக ஒப்புக்கொண்டது என்றும் அது சொன்னது. பிறகு அவன் குரல். தெளிவாக, தடுமாறாமல், செய்தி வாசிப்பது போல.

அவள் நிறுத்தினாள்.

"நேத்து ஆய்வகத்துக்கு ஒருத்தர் வந்திருந்தார். அவரும் சின்ன வீடு. அவர் பையனுக்குக் கால் போயிடுச்சு. மன்றத்துக்குப் போனாராம். இதைப் போட்டுக் காட்டி அனுப்பிட்டாங்களாம். யாரோ ஒரு கேடுகெட்டவன் பொண்டாட்டி மேல பழியைப் போட்டுட்டு வளையம் வாங்கிட்டுப் போயிட்டான்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போறார்."

அவன் தெருவைப் பார்த்தான்.

"அக்கா இடம் மாறி மிதிச்சாளா மாமா?"

"இல்ல."

"பின்ன?"

"நீ மலைக்குப் போற."

"அதுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

ஒரு பஸ் போனது. பிறகு அவள் கேட்டாள்:

"அப்பா இதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கிட்டிருக்கார். மருமகன் ஒரு இடத்துலயாவது திணறியிருப்பார்னு தேடறார். எங்கயும் இல்ல. இவ்வளவு சுலபமாவா மாமா சொன்னீங்க?"

"ரெண்டு தடவை சொன்னேன். முதல் தடவை திணறினேன். அதை அவங்க போடல."

"இதை அப்பாகிட்ட சொல்லவா?"

"சொல்லு."

"நம்ப மாட்டார்."

"நீ?"

அவள் காரைச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தாள். உட்காருவதற்கு முன் காரின் கூரைக்கு மேலாக அவனைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க. அப்பாவால முடியல. எனக்கும்... நான் சொல்றேன், அப்ப வாங்க."

"சரி."

"இன்னிக்கு மலைல ரெண்டு வீடு இருக்கு. போயிட்டு வரேன்."

சொன்ன பிறகுதான், பழக்கத்தில் 'வரேன்' என்று சொல்லிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. திருத்திக்கொள்ளவில்லை. உட்கார்ந்து கிளப்பினாள். கோபத்தில் கொஞ்சம் வேகமாகவே மிதித்தாள். அந்தக் காருக்கு அது போதும். தெருவே அதிர்ந்தது.

அவன் நடைபாதையிலேயே நின்றான். தெருமுனையில் குறுக்கே ஒரு லாரி திரும்பியது. காரின் பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. கார் நின்றது. லாரி போனதும் மறுபடி கிளம்பி மலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

நின்றதைப் பார்த்தான். பிறகு உள்ளே போனான்.